பாட்டுக்காரருக்கு ஒரு பிளாட்பாரம்

'பிளாட்பாரம்' என்ற சொல்லுக்கு ரயில்வேயில் இருந்த முப்பத்தெட்டு வருஷமும் எனக்கு ஒரே பொருள்தான். அகலப் பாதையில் உயர்மட்ட பிளாட்பாரம் என்றால் தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை உயரம் இருக்க வேண்டும். உலகத்திலேயே நீளமானது என்ற பெருமை வெகுகாலம் கரக்பூருக்கு இருந்தது. 2013-இல் கோரக்பூர் அதைத் தட்டிக்கொண்டு போயிற்று. 2023-இல் ஹூப்ளி 1,507 மீட்டருக்கு நீட்டி இரண்டையும் தோற்கடித்தது. டிப்ளமோ முடித்து ஸிக்னல் பகுதியில் சேர்ந்தவனுக்கு இதற்கு மேல் தெரிந்துகொள்ள அவசியம் ஏற்படவில்லை.

2022 தீபாவளிக்குப் புனேயிலிருந்து வந்திருந்த என் தங்கை மகன், "மாமா, நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரு பிளாட்பாரம் கட்டறோம்" என்றான். "எந்த டிவிஷன்ல டெண்டர்?" என்று கேட்டு வைத்தேன். அவன் சிரித்துவிட்டு விளக்கினான். கம்ப்யூட்டர்காரர்கள் மொழியில் பிளாட்பாரம் என்றால், ஒரு பக்கம் சரக்கு வைத்திருப்பவர், மறுபக்கம் அதை வேண்டுபவர், நடுவில் இருவரும் சந்திக்க ஓர் ஏற்பாடு. இவர்கள் கட்ட நினைத்தது இசைக் கலைஞர்களுக்கான ஏற்பாடு. பெரிய கம்பெனியோ சினிமாவோ பின்னால் இல்லாமல், தானே வாசித்து, தானே பதிவு செய்து, தானே விற்க வேண்டியிருப்பவர்களுக்கானது. இதில் ஸிக்னல்காரனுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். வேலை இருந்தது. எங்கள் டோம்பிவிலிக் கோயில் நாதஸ்வர வித்வானின் கணக்கு வழக்கை நான்தான் பார்த்து வந்தேன்.

வித்வானைப் பற்றிச் சொல்ல வேண்டும். கும்பகோணம் பக்கத்துக்காரர். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் கோயில் கைங்கரியத்துக்கென்று இங்கே வந்தவர். கோயில் சம்பளம் வாடகைக்குச் சரியாகப் போகும். குடும்பம் நடப்பது முகூர்த்த மாதங்களில். 2020 மார்ச்சில் கல்யாணங்கள் நின்றன. அந்த வருஷம் வைகாசியும் ஆவணியும் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் வெற்றுப் பக்கங்களாகவே போயின. சீவாளி வாங்கவும் யோசித்த நாட்கள் உண்டு.

இத்தனைக்கும் அவர் வாசித்த ஒரு குறுந்தகடு இருக்கிறது. சுமார் இருபது வருஷத்துக்கு முன் ஒரு கம்பெனி ஒரு நாள் ஸ்டுடியோவில் உட்கார வைத்து, மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டது. தாளின் நகல் அவரிடம் இல்லை. அந்தப் பதிவு இன்று எல்லாக் கைப்பேசியிலும் கேட்கிறது. அவருக்கு அதில் ஒரு பைசா இல்லை. சரி, போகட்டும் என்று 2021-இல் வீட்டிலேயே ஒரு தியாகராஜ கிருதியை வாசித்து, பேரனைக் கொண்டு இணையத்தில் ஏற்றினார். மூன்றாம் நாள் அறிவிப்பு வந்தது: 'இந்த இசை இன்ன கம்பெனிக்குச் சொந்தமானது.' இயந்திரம் ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறது. எதனோடு ஒப்பிட்டது தெரியுமா? அவருடைய பழைய குறுந்தகட்டோடு! "ஸார், என் வாசிப்பும் என் வாசிப்பும் ஒரே மாதிரி இருக்காம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இந்த உரிமை விஷயம் பலருக்குக் குழப்பம். ஒரு பாட்டில் இரண்டு சொத்து உண்டு. இயற்றியது ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. தியாகராஜர் காலமானது 1847. அவர் கிருதிகளை யாரும் பாடலாம், யாரும் விற்கலாம். ஆனால் ஒருவர் பாடிப் பதிவு செய்தது அந்தப் பதிவின் தயாரிப்பாளருக்குச் சொந்தம். நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை. இயற்றியவருக்கு ஆயுட்காலமும் அதன் பின் 60 ஆண்டுகளும். பாபநாசம் சிவன் 1973-இல் காலமானார். ஆகவே அவர் பாடல்களுக்கு 2033 முடிய உரிமை இருக்கிறது. பாரதி பாடல்களை 1949-இல் சென்னை மாகாண அரசே வாங்கிப் பின்னர் பொதுவாக்கிவிட்டது. ஆனால் பாரதி பாட்டுக்குப் பிற்காலத்தில் ஒருவர் மெட்டுப் போட்டிருந்தால் அந்த மெட்டு அவருடையது. கச்சேரி மேடையில் இதையெல்லாம் யாரும் நினைப்பதில்லை. விற்க வரும்போது நினைத்தாக வேண்டும்.

பையன்கள் வேலையைத் தொடங்குமுன் உலகத்தில் வேறு யாராவது இதைச் செய்திருக்கிறார்களா என்று தேடிக் கொடுக்கச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? தேடினேன்.

அமெரிக்காவில் டெரெக் ஸிவர்ஸ் என்ற இசைக்காரர் 1997 வாக்கில் தன் குறுந்தகட்டை இணையத்தில் விற்க ஆசைப்பட்டார். கிரெடிட் கார்டில் பணம் வாங்கும் வசதிக்கு வங்கிகள் ஆயிரம் டாலரும் மூன்று மாதக் காகித வேலையும் கேட்ட காலம் அது. அலைந்து வசதியைப் பெற்றார். புரோகிராம் எழுதத் தானே கற்றுக்கொண்டார். நண்பர்கள் 'என்னுடையதையும் விற்றுக் கொடு' என்று வர, 1998-இல் அது ஸிடி பேபி என்ற கடையாயிற்று. ஓர் ஆல்பத்தை அடுக்கி வைக்க 35 டாலர், விற்கும் ஒவ்வொரு தகட்டுக்கும் 4 டாலர். மிச்சம் முழுவதும் கலைஞருக்கு. எனக்குப் பிடித்தது அவர் வைத்துக்கொண்ட நான்கு விதிகள். வாரா வாரம் பணம் கொடுப்பது. வாங்கியவரின் பெயரையும் விலாசத்தையும் கலைஞரிடம் கொடுப்பது. விற்பனை குறைவு என்று யாரையும் வெளியே தள்ளாதிருப்பது. காசு வாங்கிக்கொண்டு யாரையும் முன்வரிசையில் வைக்காதிருப்பது. இந்த நான்கில் இரண்டாவதைக் கவனியுங்கள். இசைக் கம்பெனிகள் பொதுவாக அந்தப் பட்டியலைக் கலைஞர் கண்ணில் காட்டுவதில்லை.

2008-இல் அவர் கடையை 22 மில்லியன் டாலருக்கு விற்று, பணத்தை இசைக் கல்விக்கான ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கடை கை மாறிற்று. 2020-இல் பொதுமக்கள் வாங்கும் அந்தக் கடைப் பகுதியே மூடப்பட்டது.

அதே 2008-இல் பேண்ட்கேம்ப் வந்தது. ஈதன் டயமண்டும் கூட்டாளிகளும் கட்டியது. பாட்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து, தகடு, சட்டை போன்ற பொருளுக்குப் பத்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கலைஞருக்குக் கொடுத்தார்கள். குறைந்த விலையைக் கலைஞர் வைப்பார், ரசிகர் விரும்பினால் அதற்கு மேலும் கொடுக்கலாம். இப்படி மேலே போட்டுக் கொடுப்பவர்கள் நிறையப் பேர் உண்டென்பது என்னை ஆச்சரியப்படுத்தியது. கோயில் தட்டில் போடுவது போலத்தானே! நோய்க் காலத்தில், 2020 மார்ச் 20 அன்று ஒரு நாள் தங்கள் பங்கு முழுவதையும் விட்டுக்கொடுத்தார்கள். அந்த ஒரு நாளில் ரசிகர்கள் வாங்கியது 43 லட்சம் டாலருக்கு. பிறகு 2022-இல் எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டுக் கம்பெனி பேண்ட்கேம்பை வாங்கியது. 2023-இல் அதை ஸாங்ட்ரேடர் என்ற கம்பெனிக்கு விற்றது. ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. அந்த இரண்டு விற்பனையிலும் கலைஞர்களை யாரும் கலந்து பேசவில்லை.

'நம்மவர்களும் அதிலேயே விற்கலாமே, புதிதாக எதற்கு?' என்று கேட்டேன். மருமான் காரணம் சொன்னான். அதில் கலைஞருக்குப் பணம் வந்தது பேபால் வழியாக. பேபால் 2021 ஏப்ரல் முதல் தேதியோடு இந்தியாவுக்குள் பணம் அனுப்பும் சேவையை நிறுத்திவிட்டது. வெளிநாட்டுப் பணம் வரலாம், அவ்வளவுதான். டோம்பிவிலிக்காரர் டோம்பிவிலி வித்வானுக்குக் காசு கொடுக்க அந்த வழியில் இடம் இல்லை. இந்தப் பக்கமோ 2016-இல் வந்த யூ.பி.ஐ. பூக்காரம்மா கையில் கூட இருக்கிறது.

மாதச் சந்தா கட்டிக் கேட்கும் செயலிகள் இருக்கின்றனவே என்று சிலர் சொல்வார்கள். அதன் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். நானும் பக்கத்து வீட்டுப் பையனும் ஆளுக்கு நூறு ரூபாய் சந்தா கட்டுகிறோம் என்று வையுங்கள். நான் மாதத்தில் இருபது முறை கேட்டேன், இருபதும் நம் வித்வானின் வாசிப்பு. பையன் நூற்றெண்பது முறை கேட்டான், எல்லாம் சினிமாப் பாட்டு. கம்பெனி முப்பது சதவீதம் எடுத்துக்கொண்டால் மிச்சம் 140 ரூபாய். இதை இருநூறு தடவைக்கும் சமமாகப் பங்கிட்டால் வித்வானுக்கு 14 ரூபாய். நான் அவருக்கென்றே கட்டிய நூறு ரூபாயில் 70 போயிருக்க வேண்டும். 56 ரூபாய் பையனுடைய பாட்டுக்காரருக்குப் போயிற்று. பெரும்பாலான செயலிகளில் பங்கீட்டு முறை இதுதான். ஸவுண்ட்கிளவுட் 2021-இல் அவரவர் சந்தாவை அவரவர் கேட்டவருக்கே கொடுக்கும் முறையைத் தன்னிடம் உள்ள தனிக் கலைஞர்களுக்குக் கொண்டுவந்தது. ஸ்பாட்டிஃபையோ 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பதிவுக்கு ஒன்றும் கிடையாது என்று விதி வைத்தது. நாதஸ்வரத்தில் முக்கால் மணி நேரத் தோடியை வருஷத்துக்கு ஆயிரம் முறை யார் கேட்பார்கள்? சந்தாச் செயலி பிரபலமானவர்களுக்கு லாபமாக இருக்கலாம். நம் வித்வானைப் போன்றவருக்கு அது விளம்பரப் பலகை, அவ்வளவுதான் என்பது என் அபிப்பிராயம்.

வேலை 2023 தை மாதம் தொடங்கிற்று. எனக்கு அவர்கள் பாஷை புரியவில்லை என்றாலும் சில இடங்களில் பழைய வாசனை அடித்தது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உலகம் முழுவதும் செல்லும் ஓர் எண் கொடுக்கிறார்கள். ஐ.எஸ்.ஆர்.ஸி. என்று பெயர். பன்னிரண்டு இடம். முதல் இரண்டு நாட்டைக் குறிக்கும், அடுத்த மூன்று பதிவு செய்தவரை, அடுத்த இரண்டு ஆண்டை, கடைசி ஐந்து வரிசை எண்ணை. நம் சரக்கு வேகன் எண்ணை இதன் அண்ணன் என்று சொல்லலாம். அது பதினோரு இலக்கம்: வகை, எந்த ரயில்வே, கட்டிய ஆண்டு, தனி எண், கடைசியில் சரிபார்க்க ஓர் இலக்கம். எண் இல்லாத வேகன் எந்த யார்டில் கிடக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. எண் இல்லாத பாட்டின் பணமும் அப்படித்தான். வித்வானின் பதினோரு பதிவுக்கும் எண் வாங்கி, அவர் நோட்டிலேயே எழுதி வைத்தேன்.

பெரிய வாக்குவாதம் பணத்தில் வந்தது. பையன்கள் திட்டப்படி ரசிகர் பணம் எங்கள் கணக்குக்கு வரும், மாதக் கடைசியில் பங்கு பிரித்துக் கலைஞருக்கு அனுப்புவோம். நான் கூடாது என்றேன்.

பழைய கைகாட்டி மரத்தைப் பார்த்திருப்பீர்கள். கை கீழே சாய்ந்தால் வண்டி போகலாம், படுக்கையாக நின்றால் நிற்க வேண்டும். கேபினிலிருந்து கம்பியை இழுத்தால்தான் கை சாயும். வழியில் கம்பி அறுந்துவிட்டால்? எதிர் எடை இழுத்து, கை தானே படுக்கைவாட்டுக்கு வந்துவிடும். வண்டி நிற்கும், நேரம் போகும், யாரும் சாகமாட்டார்கள். எங்கள் பகுதியில் எதைப் புதிதாக அமைத்தாலும் முதல் கேள்வி, 'இது எப்படி வேலை செய்யும்?' என்பதல்ல. 'இது கெட்டுப் போனால் எந்தப் பக்கம் விழும்?' என்பதுதான். அதையே பையன்களிடம் கேட்டேன். "நாளைக்கு உங்கள் கம்பெனி படுத்துவிட்டால், அல்லது எவனாவது வந்து வாங்கிவிட்டால், அந்த மாதக் கடைசியில் வித்வானின் பணம் யார் கையில் இருக்கும்? அவருடைய ரசிகர் பட்டியல் யார் கையில் இருக்கும்?"

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மூவரில் ஒரு பெண், கணக்கில் கெட்டிக்காரி, வழி சொன்னாள். முதலில் ரசிகர் நேரே கலைஞரின் யூ.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பட்டும் என்று செய்து பார்த்தார்கள். பணம் வந்ததா என்று கலைஞர் பார்த்துச் சொன்னால்தான் பாட்டு இறங்கும். மாலை ஆறு மணிக்கு ஒருவர் பணம் அனுப்புவார். வித்வான் அப்போது சாயரட்சைக்கு வாசித்துக்கொண்டிருப்பார். இரவு ஒன்பதுக்கு மேல்தான் பார்ப்பார். ரசிகர் அதற்குள் மூன்று முறை போன் செய்துவிடுவார். ஆகவே, பணம் கட்டும் கணத்திலேயே இரண்டாகப் பிரித்து அவரவர் கணக்குக்கு அனுப்பும் வசதியுள்ள ஒரு பண நிறுவனத்தை நடுவில் வைத்தார்கள். அந்த நிறுவனம் சிறு கட்டணம் எடுக்கிறது. நூற்றில் எங்கள் பங்கு எட்டு. கலைஞரின் பணம் எங்கள் கணக்கை ஒரு நிமிஷம்கூடத் தொடுவதில்லை.

ரசிகர் பட்டியலுக்கும் அதே விதி. வாங்குபவர் சம்மதித்தால் அவர் பெயர், ஊர், போன் எண் மூன்றும் கலைஞருக்குப் போகும். சம்மதமில்லாமல் கொடுக்கக் கூடாது. 2023-இல் இதற்கென்று சட்டமே வந்துவிட்டது. மாதம் முதல் தேதி பட்டியலை அச்சிட்டு நானே வித்வான் வீட்டில் கொடுக்கிறேன். அவர் அதைக் கல்யாண முகூர்த்தங்களை எழுதும் அதே நோட்டில் ஒட்டிவைக்கிறார். அதில் பிலாயிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. தைப்பூசத்துக்கு வாழ்த்துச் சொல்லி அவரே போன் செய்தார். சித்திரையில் அவர்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய் வாசித்துவிட்டு வந்தார். அந்த ஒரு பயணத்தில் வந்தது, பாட்டு விற்று ஒரு வருஷத்தில் வந்ததைவிட அதிகம்.

எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டை பொருந்துவதில்லை. தாராவித் தமிழ்ப் பையன்கள் நான்கு பேர் வந்தார்கள். ராப் பாடுகிறவர்கள். 2018-இல் 'காலா' படத்தில் தாராவிக் குழு ஒன்று பாடியதிலிருந்து அங்கே தெருவுக்கு ஒரு குழு. "அங்கிள், எங்க பாட்டை யாரும் காசு குடுத்து வாங்க மாட்டாங்க. ஃப்ரீயா கேட்கட்டும். சட்டை விப்போம், ஷோ டிக்கெட் விப்போம்" என்றார்கள். நியாயம்தான். ஆனால் அவர்கள் பாடும் தாளக்கட்டு இணையத்தில் யாரிடமோ குத்தகைக்கு வாங்கியது. ஒப்பந்தத்தை நான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். இத்தனை தடவை கேட்கப்பட்டால் குத்தகை தீர்ந்தது, மறுபடி பணம் கட்ட வேண்டும் என்று உள்ளே ஒரு வரி இருந்தது. பையன்கள் அதைப் பார்த்ததே இல்லை. இப்போது ஒரு மிருதங்கப் பையனைச் சேர்த்துத் தாங்களே தாளம் போடுகிறார்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது. என் மனைவி மட்டும் ஒப்புக்கொள்ள மறுக்கிறாள்.

வித்வானோடு வேறு தகராறு. அவருடைய தோடி நாற்பது நிமிஷம். குறுந்தகட்டுத் தரத்தில் ஒலியை வினாடிக்கு 44,100 தடவை அளந்து வைக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு நிமிஷத்துக்குப் பத்தரை மெகாபைட்டுக்கு மேல். நாற்பது நிமிஷத்துக்கு 423. இதைக் கைப்பேசியில் இறக்க யாரும் தயங்குவார்கள் என்று மருமான் எட்டு நிமிஷமாக வெட்டலாம் என்றான். வித்வான் எழுந்துவிட்டார். "தம்பி, தலையை மட்டும் வெட்டிக் குடுத்தா அது தோடியா?" கடைசியில் வெட்டவில்லை. முழு ராகத்தையும் சுருக்கிய ஒலியில் ஒன்று, 40 மெகாபைட்டுக்குள். முழுத் தரத்தில் இன்னொன்று. விலை ஒன்றே. வாங்குபவர் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் இரண்டையும் எடுக்கிறார்கள்.

இன்று இருபத்தாறு கலைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு வீணை ஆசிரியை, இரண்டு நாதஸ்வரம், ஒரு தவில், வில்லுப்பாட்டுக்காரர் ஒருவர், தாராவிப் பையன்கள், மராட்டி அபங்கம் பாடும் ஒரு பெரியவர், மற்றவர்கள். பையன்களுக்கு இன்னும் சம்பளம் கிடையாது. பகலில் வேறு வேலை பார்க்கிறார்கள். போன வருஷம் ஒரு முதலீட்டாளர் வந்தார். நல்ல தொகை. பதிலுக்கு நிறுவனத்தில் முப்பது சதவீதமும், விற்கும் நாளில் முதல் பணமும் கேட்டார். பையன்கள் ஒரு வாரம் தூங்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வீட்டுக் கடன் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண், "விற்கும் நாள்னு ஒண்ணு ஒப்பந்தத்திலேயே இருக்கே மாமா" என்று கேட்டதும் பேச்சு நின்றது.

இப்போது யோசனை கூட்டுறவுச் சங்கம். கலைஞர்களே பங்குதாரர்கள், ஆளுக்கு ஓர் ஓட்டு. வெளிநாட்டில் ரெஸொனேட் என்று 2015-இல் இப்படி ஒன்று தொடங்கினார்கள், பெரிதாக வளரவில்லை. அதனால் தயக்கம் இருக்கிறது. ஆனால் ரயில்வேயில் கூட்டுறவுக் கடன் சங்கம் பெண்ணின் கல்யாணத்துக்குக் கைகொடுத்ததை அனுபவித்தவன் நான். கலைஞர்கள் மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் இருப்பதால் 2002-ஆம் ஆண்டின் பல மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். துணை விதிகளை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். சங்கம் கலைக்கப்பட்டால் பட்டியலும் மூலப் பதிவுகளும் முப்பது நாளில் அந்தந்தக் கலைஞர் கைக்குப் போக வேண்டும் என்பது ஒன்பதாவது விதி. அதைச் சட்டப்படி செல்லுபடியாகும் வாசகத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. நம் உறுப்பினர்களில் வக்கீல்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை சங்க நூலகத்தில்தான் இருப்பேன்.